ஸ்டெம் செல் ஊசி போட்டால் இதயத் தசை மறுபடி வளருமா? ஹார்ட் அட்டாக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய 25 வருஷக் கதை!

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு ஹார்ட் அட்டாக். ஆஞ்சியோ பண்ணி, ஸ்டென்ட் வெச்சு, ஒரு வாரத்தில் டிஸ்சார்ஜும் ஆகிவிட்டார். 'அப்பாடா' என்று மூச்சு விடும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி கண்ணில் படும்: 'ஈ.எஃப். 35%'. டாக்டரிடம் கேட்டால், "இதயத் தசையில ஒரு பகுதி செயலிழந்துடுச்சு. மாத்திரையை விடாம சாப்பிடட்டும், பார்ப்போம்" என்கிறார்.

'செத்துப்போன தசையைச் சரி பண்ணவே முடியாதா?' என்று ராத்திரி ஒரு மணிக்கு மொபைலில் தேட ஆரம்பிக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணில் படுகிறது ஒரு விளம்பரம்: 'ஆபரேஷன் இல்லாமல் ஸ்டெம் செல் மூலம் இதயத்தைப் புதுப்பிக்கலாம்!' செலவு சில லட்சங்கள்.

நம்பலாமா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். எலும்பு மஜ்ஜையிலிருந்தோ, கொழுப்பிலிருந்தோ, தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த ஸ்டெம் செல்லை ஊசியாகப் போட்டு, செத்துப்போன இதயத் தசையைத் திரும்ப வளர்க்க முடியும் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் புது இதயத் தசையையே வளர்த்து ஒட்டும் முயற்சி நடக்கிறது. அதில் உண்மையான நம்பிக்கையும் இருக்கிறது. ஆனால், அந்த இரண்டாவது விஷயத்தின் செய்தியைக் காட்டி முதல் விஷயத்தை விற்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் உங்கள் பணமும் தப்பிக்கும், நோயாளியின் நேரமும் தப்பிக்கும்.

கையில் வெட்டுப்பட்டால் ஆறுகிறது, இதயம் ஏன் ஆறுவதில்லை?

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் திடீரென ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதுதான் ஹார்ட் அட்டாக். ரத்தம் போகாத பகுதியில் ஆக்சிஜன் இருக்காது. அரை மணி நேரத்துக்குள்ளேயே தசை செல்கள் மடியத் தொடங்கிவிடும். பெரிய அட்டாக் என்றால் சுமார் 100 கோடி செல்கள் வரை இறந்துபோகலாம் என்பது மருத்துவ ஆய்வாளர்களின் கணக்கு.

செத்த செல்களின் இடத்தில் புதுத் தசை வராது. தழும்புதான் வரும். தழும்பு இதயச் சுவர் கிழியாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் சுருங்கி விரியாது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்க வேண்டிய இதயம், மிச்சமிருக்கும் தசையை வைத்தே மொத்த வேலையையும் பார்க்க வேண்டும். அதனால்தான் பல மாதங்கள், வருஷங்கள் கழித்துக்கூட மூச்சு வாங்குவது, கால் வீங்குவது எல்லாம் தலைகாட்டுகிறது. இதைத்தான் ஹார்ட் ஃபெயிலியர் என்கிறோம்.

'இதய செல்கள் புதுசா பிறக்கவே பிறக்காதா?' பிறக்கும், ரொம்ப ரொம்ப மெதுவாக. இதைக் கண்டுபிடித்த விதமே சுவாரஸ்யமானது. 1950, 60-களில் உலக நாடுகள் திறந்தவெளியில் அணுகுண்டு சோதனை நடத்தியபோது காற்றில் கார்பன்-14 அளவு எகிறியது. அது உணவு வழியாக மனிதர்களின் டி.என்.ஏ-வில் பதிந்தது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேன் குழுவினர் அந்தப் பதிவை அளந்து, இதயத் தசை செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். 2009-ல் முடிவு வெளியானது. 25 வயதில் வருஷத்துக்குச் சுமார் 1% செல்கள்தான் புதுப்பிக்கப்படுகின்றன. 75 வயதில் அது 0.45% ஆகக் குறைந்துவிடுகிறது.

மீன்தொட்டியில் வளர்க்கிறோமே ஜீப்ரா ஃபிஷ், அது நம்மைவிட கெட்டி. அதன் இதயக் கீழறையில் 20% வரை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் திரும்ப வளர்த்துவிடும். பிறந்து ஒரு நாளே ஆன எலிக்குட்டிக்கும் அந்தத் திறன் உண்டு. ஒரு வாரத்தில் அது போய்விடுகிறது. அந்த ஸ்விட்ச்சை மனிதர்களிடம் மறுபடி ஆன் பண்ண முடியுமா என்பதுதான் இந்தத் துறையின் மொத்தக் கனவு.

2001: ஓர் எலி கிளப்பிய பரபரப்பு

ஸ்டெம் செல் என்பது இன்னும் 'நான் இன்னதுதான்' என்று முடிவெடுக்காத செல். அது பிரிந்து பெருகும். சரியான சூழல் அமைந்தால் வேறு வகை செல்லாக மாறும். ஆனால், எல்லா ஸ்டெம் செல்லும் எல்லாமாகவும் மாறிவிடாது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்லின் வேலை, ரத்த அணுக்களை உருவாக்குவது.

2001-ல் அமெரிக்காவில் பியெரோ அன்வெர்சா என்ற விஞ்ஞானியின் குழு, 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. எலிகளுக்குச் செயற்கையாக மாரடைப்பை ஏற்படுத்தி, எலும்பு மஜ்ஜை செல்களை ஊசியாகப் போட்டோம். சேதமான பகுதியின் பெரும்பங்கில் புது இதயத் தசை முளைத்துவிட்டது என்றார்கள். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

யோசித்துப் பாருங்கள். நோயாளியின் சொந்த மஜ்ஜை. உடல் நிராகரிக்குமோ என்ற பயம் இல்லை. இடுப்பெலும்பிலிருந்து எடுத்து, ஆஞ்சியோ பண்ணும் அதே குழாய் வழியாக இதயத்துக்கு அனுப்பிவிடலாம். எவ்வளவு சுலபம்! ஓரிரு வருஷத்திலேயே பல நாடுகளில் மனிதர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் 2004-ல் அதே 'நேச்சர்' இதழில், இரண்டு தனித்தனிக் குழுக்கள் அதே சோதனையைச் செய்துபார்த்து முடிவை வெளியிட்டன. செல்களுக்கு அடையாளம் வைத்துத் தேடியும், மஜ்ஜை செல் எதுவும் இதயத் தசையாக மாறியதாகத் தெரியவில்லை. ரத்த செல், ரத்த செல்லாகவே இருந்தது. அதற்குள் மனிதர்களுக்கான சிகிச்சை ஆய்வு ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியிருந்தது.

மனிதர்களுக்குக் கொடுத்தபோது என்னாச்சு?

முதலில் அந்த ஈ.எஃப். எண்ணைப் புரிந்துகொள்வோம். எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் என்பதன் சுருக்கம் அது. இதயத்தின் இடது கீழறை நிரம்பியிருக்கும்போது உள்ள ரத்தத்தில், ஒரு துடிப்பில் எத்தனை சதவிகிதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் கணக்கு. ஆரோக்கியமான இதயத்தில்கூட 100% இருக்காது; பொதுவாக 55 முதல் 70% வரை. எனவே 35% என்றால் 'இதயம் 35 சதவிகிதம்தான் உயிரோடு இருக்கு' என்று அர்த்தம் கிடையாது.

இப்போது ஆய்வுகளைப் பார்ப்போம்.

* ஜெர்மனியின் ஹனோவரில் 60 பேரிடம் நடந்த 'பூஸ்ட்' ஆய்வு 2004-ல் வெளியானது. ஆறு மாதத்தில் மஜ்ஜை செல் பெற்றவர்களின் ஈ.எஃப். சராசரியாக 6.7 புள்ளி ஏறியது. பெறாதவர்களுக்கு 0.7. பிரமாதம்தானே? ஆனால், 18 மாதம் கழித்துப் பார்த்தபோது இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.
* 2006-ல் 204 பேரிடம் நடந்த 'ரிப்பேர்-ஏ.எம்.ஐ.' ஆய்வில் செல் பெற்றவர்களுக்கு 5.5 புள்ளியும், வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 3.0 புள்ளியும் ஏறியது.
* அதே 2006-ல் வெளியான நார்வேயின் 'அஸ்டாமி' ஆய்வில் பலனே தெரியவில்லை. 2012-ல் வெளியான அமெரிக்காவின் 'டைம்' ஆய்விலும் அதே கதை.
* 'ஈ.எஃப். கிடக்கட்டும், உயிர் பிழைக்கிறார்களா?' என்ற முக்கியமான கேள்விக்குப் பதில் தேட ஐரோப்பாவில் 'பாமி' ஆய்வைத் தொடங்கினார்கள். 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 375 பேர்தான் சேர்ந்தார்கள். 2020-ல் வெளியான முடிவில், இரண்டு வருஷத்தில் இறந்தவர்கள் செல் குழுவில் 3.26%, மற்ற குழுவில் 3.82%. இதை வைத்துப் பலன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

மேலே இரண்டாவது ஆய்வை மறுபடி பாருங்கள். ஸ்டெம் செல்லே இல்லாத வெற்று ஊசிக்கும் 3 புள்ளி ஏறியிருக்கிறது. இது எப்படி?

அட்டாக் வந்ததும் கொஞ்சம் தசை செத்துப்போகிறது, கொஞ்சம் தசை அதிர்ச்சியில் உறைந்துபோகிறது. ஸ்டென்ட் வைத்து ரத்த ஓட்டம் திரும்பியதும், உறைந்த தசை சில வாரங்களில் மெதுவாக எழுந்து வேலைக்குத் திரும்புகிறது. மாத்திரைகளும் உதவுகின்றன. அதனால்தான் டாக்டர்கள் சில வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள்.

'எங்க அப்பாவுக்கு ஸ்டெம் செல் போட்டோம், ஈ.எஃப். 35-லிருந்து 42 ஆச்சு' என்று ஒருவர் வீடியோவில் சொல்வது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏறியது உண்மையாகவே இருக்கலாம். ஏற்றியது ஸ்டெம் செல்தானா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கத்தான், ஒரு குழுவுக்கு நிஜ ஊசி, இன்னொரு குழுவுக்கு வெற்று ஊசி என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு இன்னொரு குண்டைப் போட்டது. மஜ்ஜை செல்லை இதயத்துக்குக் கொடுத்த 49 ஆய்வுகளின் அறிக்கைகளை வரிவரியாகச் சரிபார்த்ததில், 600-க்கும் மேற்பட்ட முரண்பாடுகள் கிடைத்தன. கூட்டல் தப்பு, சாத்தியமே இல்லாத சதவிகிதம், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத எண்கள். எந்த ஆய்வில் முரண்பாடு அதிகமோ, அதில்தான் பலனும் அதிகமாகத் தெரிந்தது. முரண்பாடே இல்லாத ஐந்து ஆய்வுகளில் பலன் கிட்டத்தட்ட பூஜ்யம்.

31 கட்டுரைகள், ஒரு கோடி டாலர்

எலும்பு மஜ்ஜை கைகொடுக்காதபோது, 'இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல் இருக்கிறது' என்ற வாதமும் அன்வெர்சா குழுவிடமிருந்து 2003-லேயே வந்திருந்தது. அதன் அடிப்படையில் மனிதர்களிடமும் ஆய்வு நடந்தது. ஆனால், மற்ற ஆய்வுக்கூடங்களில் அந்த முடிவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. சந்தேகம் வலுத்தது, விசாரணை நடந்தது.

2017-ல், அவர் பணியாற்றிய பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனை தரப்பு, அரசு ஆராய்ச்சிப் பணம் தொடர்பான வழக்கை முடித்துக்கொள்ள அமெரிக்க அரசுக்கு ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2018 அக்டோபரில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் பிரிகாம் மருத்துவமனையும், அந்த ஆய்வுக்கூடத்தின் 31 கட்டுரைகளில் பொய்யான அல்லது புனையப்பட்ட தரவுகள் இருப்பதாகச் சொல்லி, அவற்றைத் திரும்பப் பெறுமாறு இதழ்களைக் கேட்டுக்கொண்டன. 'தரவை மாற்றியது உடன் பணியாற்றியவர், எனக்குத் தெரியாது' என்பது அன்வெர்சா தரப்பின் வாதம். வளர்ந்த இதயத்தில் அப்படியொரு தசை உருவாக்கும் ஸ்டெம் செல் இல்லை என்பதுதான் இன்று பெரும்பாலான விஞ்ஞானிகளின் நிலைப்பாடு.

இது ஏதோ அமெரிக்க விவகாரம் என்று கடந்துபோக முடியாது. அந்தக் கட்டுரைகளை நம்பி வேறு பல ஆய்வுகள் நடந்தன. நிஜமான நோயாளிகள், நிஜமான நம்பிக்கையோடு தங்கள் இதயத்தில் ஊசி ஏற்றிக்கொண்டார்கள். 'இதயத்தைத் தானே சரிசெய்யும் ஸ்டெம் செல்' என்ற வாசகம் இன்றைக்கும் விளம்பரங்களில் சுற்றுகிறது. மூலக் கதை உடைந்தது பலருக்குத் தெரியாது.

செத்த செல்லுக்கும் அதே பலன்!

சரி, சில ஆய்வுகளில் கொஞ்சமாவது பலன் தெரிந்ததே, அது எதனால்? அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஜெஃப்ரி மோல்கென்டின் குழு இதற்கு ஒரு பதில் தந்தது. 2020-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

எலிகளின் காயப்பட்ட இதயத்தில் உயிருள்ள ஸ்டெம் செல்லைச் செலுத்தினார்கள். இன்னொரு குழுவுக்கு, உறையவைத்து உருக்கிக் கொன்ற செல்களைச் செலுத்தினார்கள். மூன்றாவது குழுவுக்கு செல்லே இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் ஒரு ரசாயனம் மட்டும். மூன்றிலுமே இதயத்தின் செயல்பாடு கொஞ்சம் மேம்பட்டது!

அதாவது, ஊசியில் போன செல் முளைத்துத் தசையாகவில்லை. அந்நியப் பொருள் வந்ததும் உடலின் பாதுகாப்பு செல்கள் அங்கே ஓடிவந்து, தழும்பைச் சுற்றியிருந்த பகுதியைச் சற்றே சீராக்கின. அவ்வளவுதான். மனிதர்களுக்குக் குழாய் வழியாகச் செலுத்திய மஜ்ஜை செல்களில்கூட மிகச் சிறு பங்குதான் இதயத்தில் தங்குகிறது. மற்றவை ரத்தத்தோடு வேறு உறுப்புகளுக்குப் போய்விடுகின்றன.

எலியில் கிடைத்த முடிவு அப்படியே மனிதருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால், 'ஊசி போட்டால் தசை வளரும்' என்ற விளக்கத்தின் அடித்தளமே ஆட்டம் கண்டுவிட்டது.

அப்போ எல்லாமே வேஸ்ட்டா?

இல்லை. நிஜமான முன்னேற்றம் வேறு பாதையில் வருகிறது.

ஜப்பானின் ஷின்யா யமனகா, சாதாரண தோல் செல்லைப் பின்னோக்கி நகர்த்தி, எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக்க முடியும் என்று 2006-ல் எலியிலும் 2007-ல் மனித செல்லிலும் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். இதற்கு 'ஐ.பி.எஸ். செல்' என்று பெயர். இதை ஆய்வுக்கூடத்தில் இதயத் தசை செல்லாகவே மாற்ற முடியும். தட்டில் வைத்தால் அது தானாகத் துடிக்கும்.

மஜ்ஜை ஊசிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே 'உள்ளே போய் தசையாக மாறிக்கொள்' என்று செல்லை அனுப்பினார்கள். இங்கே வெளியிலேயே தசையைத் தயார்செய்து, அதைக் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

* ஒசாகா: 2020 ஜனவரியில் யோஷிகி சாவா தலைமையிலான ஒசாகா பல்கலைக்கழகக் குழு, ஐ.பி.எஸ். செல்லிலிருந்து வளர்த்த இதயத் தசை ஷீட்களை ஒரு நோயாளியின் இதயத்தின் மேல் ஒட்டியதாக அறிவித்தது. மொத்தம் எட்டு பேரிடம் இந்த ஆய்வு நடந்தது. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து உருவான நிறுவனம் 2025 ஏப்ரலில் விற்பனை அனுமதிக்கு விண்ணப்பித்தது.
* கோட்டிங்கன்: ஜெர்மனியில் வோல்ஃப்ராம்-ஹூபர்ட்டஸ் ஸிம்மர்மன் குழு, செல்களை ஜெல் போன்ற பொருளில் வளர்த்து, துடிக்கும் தசைப் பட்டையாகவே செய்கிறது. முதலில் குரங்குகளில் சோதித்தார்கள். பிறகு, தீவிர ஹார்ட் ஃபெயிலியர் இருந்த 46 வயதுப் பெண்ணுக்கு சுமார் 40 கோடி செல்கள் கொண்ட பட்டையைத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. எடுத்த பழைய இதயத்தை ஆராய்ந்தபோது, ஒட்டிய தசை உயிரோடு இருந்தது, அதற்குள் ரத்தக் குழாய்களும் வளர்ந்திருந்தன. இந்த முடிவு 2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானது.

இதிலும் சிக்கல்கள் உண்டு. பெரும்பாலும் வேறொருவர் செல்லிலிருந்து செய்வதால், உடல் நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட வேண்டும். புதுத் தசை பழைய இதயத்தோடு தாளம் சேராவிட்டால் துடிப்பு தாறுமாறாகும். 2014-ல் அமெரிக்காவில் சார்லஸ் மரி குழு குரங்குகளுக்கு 100 கோடி இதய செல்களைக் கொடுத்தபோது, தசை வளர்ந்தது, கூடவே துடிப்புக் கோளாறும் வந்தது. மாறாத ஸ்டெம் செல் ஒன்றிரண்டு மிச்சமிருந்தால் கட்டியாக வளரும் அபாயமும் இருக்கிறது. எனவேதான் ஒவ்வொரு அடியையும் சில பேரிடம் மட்டும், நிதானமாக வைக்கிறார்கள்.

செய்தியில் 'நிபந்தனை' என்ற வார்த்தையைத் தேடுங்கள்

இனி இதுபோன்ற சிகிச்சைக்கு 'அனுமதி கிடைத்தது' என்ற செய்தி உங்கள் ஃபீடில் வரும்போது ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 'நிபந்தனையுடன் கூடிய அனுமதி' என்று ஒரு முறை உண்டு. சிலரிடம் பாதுகாப்பு உறுதியாகி, பலன் இருக்கலாம் என்று தெரிந்தால் தற்காலிக அனுமதி தருவார்கள். பலனைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நிரூபிக்க வேண்டும்.

2015-ல் டெருமோ நிறுவனத்தின் 'ஹார்ட்ஷீட்'டுக்கு அப்படி அனுமதி கிடைத்தது. நோயாளியின் தொடைத் தசை செல்லை வளர்த்து இதயத்தில் ஒட்டும் முறை அது. ஒன்பது வருஷம் கழித்து, 2024-ல், பலன் நிரூபிக்கப்படவில்லை என்று நிபுணர் குழு சொல்லிவிட்டது. தயாரிப்பும் சந்தையைவிட்டு விலகியது. அனுமதி என்ற வார்த்தைக்கும் பலன் என்ற வார்த்தைக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கலாம்.

இந்தியாவில் விதி என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட தேசிய ஸ்டெம் செல் ஆராய்ச்சி வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் போன்ற ரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை. மற்றவை எல்லாம் ஆராய்ச்சி நிலையில் இருப்பவை. அனுமதி பெற்ற கிளினிக்கல் ட்ரயலில் மட்டுமே கொடுக்கலாம். அந்த ட்ரயலுக்காக நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. இதயமும் இந்த 'மற்றவை' பட்டியலில்தான் வருகிறது.

அதாவது, 'இதயத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை, இத்தனை லட்சம்' என்று யாராவது பில் போட்டால், அந்த பில்லே உங்களுக்கான எச்சரிக்கை.

தலையாட்டும் முன் கேளுங்கள் 7 கேள்விகள்

1. இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? 'ரெண்டும்தான்' என்ற பதில், பதில் கிடையாது.
2. ஆராய்ச்சி என்றால் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன? இந்தியாவில் நடக்கும் கிளினிக்கல் ட்ரயல்களின் பட்டியல் அந்தத் தளத்தில் இருக்கிறது. மொபைலிலேயே இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.
3. எந்த எத்திக்ஸ் கமிட்டி அனுமதி தந்தது? ஒப்புதல் படிவம் தமிழில் கிடைக்குமா? வீட்டுக்கு எடுத்துப்போய் படிக்கலாமா?
4. ஏன் பணம் கேட்கிறீர்கள்?
5. எந்த செல், யாருடையது, எங்கே தயாரானது? அது இதயத் தசையாக மாறும் என்பதற்கு என்ன ஆதாரம்?
6. வெற்று ஊசி பெற்ற குழுவோடு ஒப்பிட்ட முடிவு இருக்கிறதா? நோயாளிகள் பேசும் வீடியோ இதற்கு பதிலாகாது.
7. பக்க விளைவு வந்தால் யார் பொறுப்பு? இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா?

கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் ஒரு நொடிகூட அங்கே உட்கார வேண்டாம். உங்கள் இதய டாக்டரிடம் கேட்காமல் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்தினால், வைத்த ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

இன்றைக்கே வேலை செய்பவை

'அப்போ எங்க வீட்டுப் பெரியவருக்கு வழியே இல்லையா?' இருக்கிறது. விளம்பரத்தில் வராத, ஆனால் நிரூபிக்கப்பட்ட வழிகள்.

* ஈ.எஃப். குறைந்தவர்களுக்கு இப்போது நான்கு வகை மருந்துகள் தரப்படுகின்றன. இதயத்தின் சுமையைக் குறைப்பவை, துடிப்பைச் சீராக்குபவை, தழும்பு பரவுவதை மட்டுப்படுத்துபவை, சர்க்கரை நோய்க்காக வந்து இதயத்துக்கும் உதவும் என்று தெரிந்தவை. எது, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்வார். விடாமல் சாப்பிட வைப்பது உங்கள் வேலை. மொபைலில் அலாரம் வையுங்கள்.
* சில மாதங்கள் முழுமையாக மருந்து எடுத்தும் ஈ.எஃப். 35% அல்லது அதற்குக் கீழேயே இருந்தால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவி தேவையா என்று கேளுங்கள்.
* கார்டியாக் ரீஹேப் எனப்படும், கண்காணிப்போடு கூடிய உடற்பயிற்சித் திட்டம் உங்கள் மருத்துவமனையில் உண்டா என்று விசாரியுங்கள். 'அசையாம படுத்திருக்கணும்' என்பது பழைய காலத்து அட்வைஸ்.
* புகையை முற்றிலும் நிறுத்த வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு, மூன்று நாளில் மளமளவென எடை ஏறினால் உடலில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் பேசுங்கள்.

இன்னொன்று. இது உங்களுக்கும் சேர்த்து. செத்த தசையைத் திரும்ப வளர்க்க இன்னும் வழியில்லை என்றால், சாகாமல் காப்பாற்றுவதுதான் மிச்சமிருக்கும் ஒரே 'ரிப்பேர்'. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, காரணமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் 'கேஸ்தான், சோடா குடிச்சா சரியாயிடும்' என்று காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் மூச்சு வாங்குவதாகவும் வரலாம். 108-க்கு போன் போடுங்கள். பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம்.

பெரிய மருத்துவமனை தூரமென்றாலும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

ஒசாகாவிலும் கோட்டிங்கனிலும் வளரும் தசை, ஒருநாள் நம் ஊர் மருத்துவமனைகளுக்கும் வரலாம். அது வரும்போது ஆய்வு முடிவுகளோடு வரும். ராத்திரி ஒரு மணிக்கு மொபைலில் வரும் ஆஃபராக வராது. அதுவரை இந்த 7 கேள்விகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்கள் ஃபேமிலி குரூப்பில் போட்டு வையுங்கள். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது.